பில் போட்டும் பணம் வரலையா? சிறு நிறுவனங்கள் எழுத்தில் வைத்திருக்க வேண்டியவை என்னென்ன? முழு விவரம்!

சரக்கு போய் மூணு மாசம் ஆச்சு. பணம் வரல. போன் போட்டுக் கேட்டால், "அன்னைக்கே பீஸ் சரியில்லன்னு சொன்னோமே சார்" என்கிறது எதிர்த்தரப்பு. யாரிடம் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள்? எதற்கும் பதிவு இல்லை. டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கினோமா என்று தேடினால், அதுவும் யாருடைய வாட்ஸ்அப்பில் இருக்கிறது என்று தெரியவில்லை.

கோவை லேத் பட்டறை முதல் திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட் வரை பல இடங்களில் நடக்கும் கதைதான் இது. சிறு நிறுவனங்களுக்குப் பணத்தை வாங்கித் தர சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் கேட்பது எழுத்தில் உள்ள ஆதாரத்தை. எதை எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குறு, சிறு, நடுத்தர தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, குறு மற்றும் சிறு நிறுவனத்திடம் சரக்கு அல்லது சேவை வாங்கியவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் தர வேண்டும். ஆனால் அதுவும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது.

கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டப்படும் கூட்டுவட்டி.

சரக்கில் குறை இருந்தால்? டெலிவரி ஆன 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், டெலிவரி ஆன அன்றே சரக்கை ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். அதாவது, "போன்ல சொன்னோமே" என்பது இந்தக் கணக்கில் வராது.

உதாரணமாக, 2025 ஜூன் 3-ல் சரக்கு போய்ச் சேர்ந்தது, ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் இல்லை என்றால் ஜூன் 18-க்குள் பணம் வர வேண்டும். 45 நாள் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் ஜூலை 18 வரை அவகாசம்.

வாங்கும் நிறுவனத்துக்கும் இதில் சிக்கல் உண்டு. 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, பணம் உண்மையில் கொடுத்த நிதியாண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். அதனால் கெடுத் தேதியைக் குறிப்பிட்டு வரும் ஒரு மெயிலை, அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவு அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

யாருக்கு இது பொருந்தும்?

உற்பத்தி அல்லது சேவை செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பொருந்தும். உத்யம் பதிவு அவசியம். சரக்கு அனுப்பும் முன்பே பதிவு கையில் இருப்பதுதான் பாதுகாப்பு. வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு செய்யலாம் என்றாலும், இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது.

மெயில் எப்படி எழுதணும்?

"சார், பேமென்ட் கொஞ்சம் பாருங்க" என்று பத்து முறை அனுப்புவதைவிட, முழு விவரத்துடன் ஒரே ஒரு மெயில் அதிக பலன் தரும். அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எந்த ஆர்டர், எப்போது டெலிவரி, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள். மாதிரிக்கு ஒன்று:

தலைப்பு: இன்வாய்ஸ் 118 – ரூ.2,40,000 – ஜூலை 18-க்குள் செலுத்த வேண்டியது

வணக்கம் சார்,
உங்கள் பர்சேஸ் ஆர்டர் 45-ன்படி 600 பீஸ்களை ஜூன் 3 அன்று டெலிவரி செய்தோம். உங்கள் ஸ்டோர்ஸில் கையெழுத்திட்ட சலானும், இன்வாய்ஸும் இணைத்துள்ளோம். ஒப்பந்தப்படி ரூ.2,40,000-ஐ ஜூலை 18-க்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். சரக்கில் குறை ஏதும் இருந்தால் ஜூன் 18-க்குள் இந்த மெயிலுக்குப் பதிலாகத் தெரிவிக்கவும்.

இவ்வளவுதான். கோபம் வேண்டாம், சுற்றி வளைக்கவும் வேண்டாம். தலைப்பைப் படித்தாலே விஷயம் புரிய வேண்டும். போனில் பேசி முடிவு செய்தாலும், "இன்று பேசியபடி..." என்று தொடங்கி இரண்டு வரி மெயில் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

ஃபைலை எங்கே, எப்படி வைப்பது?

* ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஃபோல்டர். கொட்டேஷன், பர்சேஸ் ஆர்டர், சலான், இன்வாய்ஸ், மெயில் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும்.

* ஃபைல் பெயரில் ஆண்டு, மாதம், நாள் முதலில் வரட்டும். 2025-06-03_இன்வாய்ஸ்-118 என்று வைத்தால் தேதி வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்ற பெயர்களைத் தவிர்த்து, திருத்தம்-1, திருத்தம்-2 என எண் கொடுங்கள்.

* சலானில் பெறுபவரின் பெயர், கையெழுத்து, சீல், தேதி நான்கும் வேண்டும். வண்டி திரும்பியதும் ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடுங்கள். ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள்.

* ஊழியரின் சொந்த வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர், அவர் வேலையை விட்டுப் போனால் அவரோடு போய்விடும். நிறுவனத்துக்கென ஒரு மெயில், ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள்.

* முக்கிய ஆவணங்களுக்கு 3 பிரதிகள், 2 விதமான இடங்களில், அதில் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே. மழை வெள்ளமோ, ஹார்ட் டிஸ்க் பழுதோ வந்தால் அப்போது தெரியும் இதன் அருமை.

எத்தனை வருஷம் வைத்திருக்கணும்?

ஜிஎஸ்டி சட்டப்படி, கணக்குகளையும் பில்களையும் அந்த நிதியாண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 நிதியாண்டுக்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அப்படியென்றால் அந்த ஆவணங்கள் 2030 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் இன்னும் கூடுதல் காலம் ஆகலாம்.

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் என்றால் 8 நிதியாண்டுகள். அத்துடன் 2023 ஏப்ரல் 1 முதல், அந்த நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு கட்டாயம் இருக்க வேண்டும். அதை அணைத்து வைக்கவும் கூடாது.

வாட்ஸ்அப் மெசேஜ் ஆதாரமாகுமா?

ஆகும். மின்னணுப் பதிவுகளுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-வது பிரிவுப்படி, அவற்றின் நகலை நீதிமன்றத்தில் தரும்போது உரிய சான்றிதழும் இணைக்க வேண்டும். எனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோமே என்று ஒரிஜினல் மெசேஜை அழித்துவிடாதீர்கள். போன் மாற்றும்போதும் சாட் பேக்கப் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

பணம் வரலைன்னா அடுத்து என்ன?

மத்திய அரசின் இணையதளம் மூலம், குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்கக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதில் தீராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். பர்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் இல்லாமல் இங்கே எதுவும் நகராது. தொகை பெரியது என்றால், புகாருக்கு முன் ஆடிட்டரிடமோ வழக்கறிஞரிடமோ ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

இப்போது உங்களுக்கு வர வேண்டிய பாக்கிகளில் பெரியதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான ஆர்டர், கையெழுத்திட்ட சலான், இன்வாய்ஸ் மூன்றும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எது கிடைக்கவில்லையோ, அந்த இடத்திலிருந்து சரிசெய்யத் தொடங்குங்கள்.