பல மொழியார் எழுப்பிய பெங்களூர்

பெங்களூரில் கப்பன் பூங்காவை அடுத்துள்ள அம்பேத்கர் வீதியில் செல்வோர், எதிரெதிரே நிற்கும் இரு பெருங் கட்டடங்களைக் காண்பர். ஒன்று, செந்நிறம் பூண்ட அட்டாரா கச்சேரி; கர்நாடக உயர்நீதிமன்றம் அங்கேதான் நடைபெறுகின்றது. மற்றொன்று, கருங்கல்லால் ஆகிய விதான சௌதா. தாயகம் நீங்கிப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இவ்விரண்டின் வரலாற்றையும் அறிந்துகொள்வது நலம். பல மொழி பேசுவோர் ஒரே சாரத்தின்மீது நின்று பணிபுரிந்த வரலாறு அது.

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைநகர் ஒன்றை அமைத்தனர். மக்கள் அதனைத் ‘தண்டு’ என்றனர். சென்னைப் படையைப் பின்பற்றித் தமிழ் வணிகரும் கொத்தரும் பணியாளரும் அங்கே குடியேறினர். அங்ஙனம் குடியேறி முன்னேறியவருள் ஒருவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். 1864 முதல் 1868 வரை அட்டாரா கச்சேரியைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் அவரே. பதினெட்டு அரசுத் துறைகளுக்கென எழுந்தமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. நிலம் கன்னட நாட்டினது; கட்டடப் பாணி ஐரோப்பியருடையது; ஒப்பந்தக்காரர் தமிழர்; ‘அட்டாரா’ என்பதோ பதினெட்டைக் குறிக்கும் உருதுச் சொல். பெங்களூரின் இயல்பு அன்றே இவ்வாறு அமைந்துவிட்டது.

தண்டும் பழைய நகரமும் நெடுங்காலம் தனித்தனியே ஆளப்பட்டு, 1949இல் ஒரே மாநகராட்சியாயின. 1951ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் விதான சௌதாவுக்கு ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டில் முதலமைச்சரான கெங்கல் ஹனுமந்தையா முந்தைய எளிய திட்டத்தை மாற்றி, நம் நாட்டுச் சிற்ப மரபைத் தழுவிய மாளிகையாக அதனை விரிவாக்கினார். பொறியாளர் பி. ஆர். மாணிக்கம் பணியை நடத்தினார். கல்தச்சரும் கொத்தரும் மரச்சிற்பியருமாக 1,500 பேரும், கூலியாட்கள் 5,000 பேரும் உழைத்தனர். சிறைவாசிகளும் அக்கூலியாட்களுள் இருந்தனர். 1956இல் பணி முற்றுப்பெற்றது.

வேற்று மொழியார் கூடி வேலை செய்வது எவ்வாறு இயன்றது? பாதி வழியை மொழிகளின் உறவே திறந்துவிட்டது. நாம் ‘கல்’ என்பதைக் கன்னடர் ‘கல்லு’ என்பர். நம் ‘காரை’ அவர்க்குக் ‘காரெ’. மீதி வழியை மனிதர் நடந்தே கடக்க வேண்டும். செங்கல் அவர்க்கு ‘இட்டிகெ’; மணல் ‘மரளு’. இவற்றைக் கேட்டுக் கற்றவனே வேலைத்தலத்தில் நிலைத்தான். கொத்தரை மேய்க்கும் ‘மேஸ்திரி’ என்னும் பெயரே போர்ச்சுக்கீசியர் தந்த சொல்லன்றோ! மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒன்று சொல்வோம்: நல்ல மேஸ்திரியும் ஒரு மொழிபெயர்ப்பாளரே. பொறியாளரின் ஆங்கிலத்தைச் சித்தாளின் செவிக்கு எட்டச் செய்பவர் அவர்.

இவ்வுறவு என்றும் இனிதாகவே இருந்தது என்று கூறுவது உண்மையாகாது. 1991ஆம் ஆண்டு இறுதியில் காவிரிச் சிக்கல் கலவரமாக மூண்டபோது, தமிழ்த் தொழிலாளர் பலர் உயிருக்கு அஞ்சிப் பெங்களூரை விட்டு ஓடினர். ‘கொங்கா’ என்னும் ஏளனச் சொல்லைக் கேட்டுக் கூசிய தமிழர் பலர். அச்சொல் எத்துணைச் சுடும் என்பது அவர்க்குத்தான் தெரியும்.

காலம் மாறிற்று. 2016ஆம் ஆண்டில் இதே வீதியின் அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. இன்று பெங்களூரின் கட்டடத் தலங்களில் பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்டு முதலிய மாநிலத்தாரும், ராய்ச்சூர், கலபுரகி முதலிய வட கர்நாடக மாவட்டத்தாரும் பெருந்தொகையினராக உழைக்கின்றனர். முன்பு சித்தாளாய் வந்த தமிழர் பலர் இன்று மேஸ்திரிகளாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் உயர்ந்துள்ளனர். அவர்களுள் சிலரே புதிதாய் வந்தவனை ‘வடக்கன்’ என்று இழித்துரைக்கக் காண்கின்றோம். நம்மைச் சுட்ட கொள்ளியை நாமே பிறர்மேல் வீசுவது முறையாகுமா?

இது பண்பாட்டைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. உயிரைப் பற்றிய பேச்சுமாகும். கீழே நிற்பவர் ‘நில்லு’ என்று கூவினால், சாரத்தின்மேல் உள்ள தமிழரும் கன்னடரும் உடனே நிற்பர். ‘ருகோ’ என்ற சொல்லை மட்டுமே அறிந்தவர் அடுத்த அடியை எடுத்து வைத்துவிடுவார். பலகை நெகிழ்ந்திருந்தால் அவ்வடியே அவருக்கு இறுதி அடியாகலாம். புரியாதபோது ‘புரியவில்லை’ என்று சொல்லவும் அவருக்குத் துணிவு வேண்டும்; நகைக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் தலையசைத்துவிட்டுப் போவார். அவ்வச்சத்தை நீக்குவது மேஸ்திரியின் கடமை.

செய்ய வேண்டுவன அரியனவல்ல. எச்சரிக்கைச் சொற்கள் சிலவற்றை எல்லா மொழியிலும் எல்லாரும் கற்றல். ஊர்ப்பெயரால் அழையாது ஆளின் பெயரைக் கேட்டறிந்து அழைத்தல். பொங்கலுக்கு நாம் ஊர் செல்ல விழைவதுபோல் சட் பூசைக்கும் துர்க்கை பூசைக்கும் ஈகைத் திருநாளுக்கும் பிறர் விழைவர் என்று உணர்தல். தாம் அறிந்த முறையே முறை என்னாது, பிறர் கைத்திறனையும் கண்டு கற்றல். பணிவு என்பது இவ்வளவே.

சுவரின் நேர்மையைத் தூக்குக்குண்டு கொண்டு பார்க்கின்றோம். அது எம்மொழிக் கொத்தன் கையில் தொங்கினும் ஒரே கோட்டில்தான் நிற்கும். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பிறர் நம்மிடம் எந்த நேர்மையைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கின்றோமோ, அதனையே நமக்குப் பின் வந்தவரிடம் நாம் காட்டுவோமாக.