மல்பார்: கரை மாறிய ஒரு பெயர்

ரெயூனியோன் தீவில் தமிழ்த் தொழிலாளர் வழிவந்தவர்களை 'மல்பார்' என்பார்கள். பெண் என்றால் 'மல்பரேஸ்'. தீவின் கிரியோல் பேச்சில் இது அன்றாடச் சொல். ஆனால் அந்தக் குடும்பங்களில் ஒன்று முன்னோர் ஊரைத் தேடி வில்லியனூருக்கோ பாகூருக்கோ வந்து இறங்கினால், அதே சொல் வேறொரு திசையைக் காட்டிவிடும். புதுச்சேரிக் கிராமத்தில் மலபார் என்றால் கேரளக் கரை. தன்னை மல்பார் என்று சொல்லிக்கொள்பவரை ஊரார் மலையாளி என்றே எடுத்துக்கொள்வார்கள். மேற்குக் கரையின் பெயர் கிழக்குக் கரை மக்கள்மேல் ஏறியதற்கு நீண்ட வரலாறு உண்டு.

'மலை' என்ற திராவிடச் சொல்லோடு, நாடு அல்லது கரை எனப் பொருள்படும் 'பார்' என்ற பாரசீக-அரபு ஈறு சேர்ந்து பிறந்தது மலபார். மிளகு வாங்கக் கப்பலேறி வந்த அரபு வணிகர் வழங்கிய பெயர் இது. 1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துகீசியர் அதை அவர்களிடமிருந்து பெற்றனர். கரைக்குரிய பெயரைக் கரையின் மொழிக்கும் இட்டனர். பிறகு தெற்கு முனையைச் சுற்றி முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அங்கே கேட்ட தமிழுக்கும் அதையே இட்டனர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் முகப்பிலேயே மொழியின் பெயர் 'மலவார் தமுல்' என்று இரட்டையாக நிற்கிறது. 1716இல் சீகன்பால்கு வெளியிட்ட இலத்தீன் வழித் தமிழ் இலக்கணமும், 1779இல் பெப்ரீசியசு வெளியிட்ட அகராதியும் தமிழுக்கு மலபார் மொழி என்ற பெயரையும் சேர்த்தே சொல்கின்றன. இலங்கையை ஆண்ட ஆங்கிலேயரும் தமிழரை அப்படியே எழுதிவைத்தனர்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் இந்த வழக்கை மாற்றவில்லை. உண்மையான மலபார்க் கரையில் மாஹே அவர்கள் கையில் இருந்தும், சோழமண்டலக் கரைத் தமிழரை மலபார் என்றே குறித்தனர். அறியாமல் நேர்ந்த பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தம்மிடம் வேலை செய்தவர்களின் பெயரைச் சரியாகக் கேட்டறியும் தேவை ஆள்வோருக்கு எழவில்லை.

அந்தப் பெயர் கடல் கடந்தது கரும்புத் தோட்டங்களுக்காக. 1848 டிசம்பர் 20 அன்று ரெயூனியோனில் அடிமை முறை முடிவுக்கு வந்தது. தோட்ட முதலாளிகள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளை நாடினர். ஒப்பந்தக்காரருக்குப் பிரெஞ்சில் 'ஆங்காழே' என்று பெயர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல்கள் நிரம்பின. 1860, 1861 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் திரட்டப் பிரான்சுக்கு வழி திறந்தது. 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தும்வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரெயூனியோனுக்குச் சென்றனர். கரீபியக் கடலின் மார்த்தினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டுசென்றது 'ஒரேலி' என்ற ஒரே கப்பல். ஒப்பந்தம் முடிந்தால் திரும்பக் கப்பல் செலவு உண்டு என்று தாளில் இருந்தது. திரும்பாதவர்களே மிகுதி.

புதுச்சேரியில் கப்பலேறியவர் எல்லாரும் புதுச்சேரியார் அல்லர். ஊர் தேடி வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். பிரெஞ்சுப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் தென்னார்க்காட்டு மண்ணோடு பின்னிக் கிடக்கின்றன. ஒரு வயல் இந்த அரசில், அடுத்த வயல் அந்த அரசில். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து உழவுக் கூலி ஒருவர் எல்லை தாண்டி நடந்து வந்து துறைமுகத்தில் பெயர் கொடுப்பது எளிது. எனவே 'புதுச்சேரி' என்று குடும்பத்தில் சொல்லிவந்தது பல வேளை கப்பல் புறப்பட்ட இடம் மட்டுமே.

சரியான ஊரைப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். கூலி ஒவ்வொருவருக்கும் 'மத்ரிக்யூல்' எனப்பட்ட வரிசை எண் உண்டு. அதையொட்டிப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், கப்பல் ஆகியவை எழுதப்பட்டன. கேட்டவர் பிரெஞ்சு எழுத்தர்; சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். வில்லியனூர் 'வில்நூர்' ஆயிற்று. உழவர்கரை 'ஊல்காரே' ஆயிற்று. பாகூர் கல்வெட்டுகளில் வாகூர்; பிரெஞ்சில் ஹகரம் சேர்த்து எழுதப்பட்டது. அந்த மொழியில் ஹகரம் ஒலிக்காது என்பதால் வாசிப்பவர் வாயில் அது 'பா-ஊர்'. காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தின் நிலை இன்னும் கடினம்: அதன் பிரெஞ்சுப் பெயர் 'கிராந்த் அல்தே'. பெரிய ஊர் என்பது அதன் பொருள். அரபியிலிருந்து போர்த்துகீசியம் வழியாக வந்த 'அல்தே', பிரெஞ்சு இந்திய ஆவணங்களில் கிராமத்தைக் குறித்த சொல். அது தெரியாதவர் அந்தப் பெயரை இன்றைய வரைபடத்தில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

ஆட்பெயர்களும் அவ்வாறே. ஊரில் ராமசாமி என்பது ஒரு மனிதரின் பெயர். மகனுக்கு வேறு பெயர் இருக்கும். பிரெஞ்சுச் சட்டத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். வந்திறங்கியவரின் ஒற்றைப் பெயரே சந்ததி முழுவதற்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ராமசாமி, முத்துசாமி, மீனாட்சி ஆகியவை இன்று தீவில் குடும்பப் பெயர்கள். அவற்றுக்கு முன்னே கிறித்தவப் பெயர் ஒன்று இருக்கும். அப்படி ஒருவர் பாகூரில் வந்து 'எங்கள் குடும்பம் ராமசாமி' என்று கேட்டால் ஊராரால் வழிகாட்ட இயலாது. கிராமத்தில் வம்சம் அறியக் கேட்கும் கேள்விகள் வேறு: குலதெய்வம் எது, பங்காளிகள் யார், எந்தத் தெரு. பதிவேட்டில் தெருவும் இல்லை, பங்காளியும் இல்லை.

ஆனாலும் ஆட்சிச் சொல் ஒன்று இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறது. 1880இல் பிரெஞ்சு அரசு இந்தியப் பகுதிகளைக் கொம்யூன்களாகப் பிரித்தது. வில்லியனூரும் பாகூரும் அப்போதே இடம்பெற்றவை. இன்றும் அவை கொம்யூன் பஞ்சாயத்துகள். தீவின் சென் அந்திரே கொம்யூனிலிருந்து வருபவருக்கு வில்லியனூர்க் கொம்யூன் என்ற பலகையை விளக்க வேண்டியதில்லை.

குலதெய்வக் கேள்விக்கு விடை தீவில்தான் கிடைக்கிறது. அங்கே 'மர்தேவிரன்' என்று வணங்கப்படுபவர் மதுரைவீரன். குவாதலூப்பில் 'மலியேமன்' மாரியம்மன். ரெயூனியோனில் தீமிதித் திருவிழாவுக்குரிய 'பந்தியாலே' திரௌபதி. பாஞ்சாலி என்ற பெயர் தேய்ந்த வடிவம். பூசாரி அங்கும் பூசாரிதான். விடியவிடிய நடக்கும் கூத்துக்கு அங்கே 'நார்ல்கோன்', குவாதலூப்பில் 'நாத்ரோன்', இரண்டும் நாடகம். செஞ்சியை நடுவாகக் கொண்டு தென்னார்க்காடு, புதுச்சேரி ஊர்களில் பரவிய வழிபாடு திரௌபதி அம்மனுடையது. பாரதக் கூத்தும் தீமிதியும் சேர்ந்தே தீவில் பிழைத்திருப்பதால், சென்றவர்களில் பெரும்பகுதியினரின் புறப்பாடு எந்த வட்டாரத்திலிருந்து என்பதை மல்பார் என்ற பெயரைவிட இந்தச் சொற்கள் திருத்தமாகக் காட்டுகின்றன. எழுத்தர் கேட்டு எழுதாத சொற்கள் இவை. வாயிலிருந்து வாய்க்கே சென்றவை.

மல்பார் என்ற சொல்லுக்குத் தீவுதோறும் பொருள் மாறுகிறது. பக்கத்து மொரீசியசில் அது வட இந்திய வழி இந்துக்களைக் குறிக்கும், வசையாகவும் ஒலிக்கும். அங்கே தமிழருக்குத் தமிழர் என்றே தனிப்பெயர். ரெயூனியோனில் வங்கத் துறையிலிருந்து வந்தவரைக் 'கல்கித்தா' என்றார்கள். குஜராத்தி முஸ்லிம்கள் 'சராப்', அதாவது அரபியர். துறைமுகத்தையோ மதத்தையோ பார்த்து இட்ட இந்தப் பெயர்களில் எதுவும் சொந்த ஊரைச் சொல்லவில்லை. கோயில் சார்ந்த பேச்சில் 'தமூல்' என்ற சொல் இப்போது மல்பாருக்கு அருகே இடம்பிடித்திருக்கிறது.

சமையலறையில் இந்தக் குழப்பமே இல்லை. தீவில் குழம்புக்குக் 'காரி', முருங்கைக்கீரைக்குப் 'ப்ரேத் மூரூங்', பீர்க்கங்காய்க்குப் 'பிப்பங்காய்'. பாகூர்க் காய்கறிக் கடையில் பீர்க்கங்காயை எடுத்துக்காட்டி இந்தப் பெயரைச் சொன்னால், 'காய்' என்ற ஈற்றைக் கேட்ட மாத்திரத்தில் கடைக்காரருக்கு எந்தக் காய் என்பது விளங்கிவிடும்.