கட்சி இல்லாத கஜானாக்காரர்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சரவணம்பட்டி பேக்கரி ஒன்றில் நின்று டீ குடித்துப் பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஐ.டி. பார்க்கிலிருந்து வந்த இளைஞர்கள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பட்ஜெட் தினத்தன்று அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். டி.வி.யில் வருமான வரி ஸ்லாப் ஓடிக்கொண்டிருக்க, யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று ஆளாளுக்கு செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பி.காம் படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "சுதந்திர இந்தியாவோட முதல் பட்ஜெட்டைத் தாக்கல் பண்ணினது யாரு, தெரியுமா தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"மொரார்ஜி தேசாயுங்களா?" என்றான் ஒருவன். "நேருவே பண்ணியிருப்பாருங்க" என்றான் இன்னொருவன்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் சில்லறை எண்ணியபடியே சொன்னார். "நம்ம ஆர்.கே. சண்முகஞ் செட்டியாருங்க. கோயமுத்தூர்க்காரரு."

பையன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நம்மூருங்களா? அப்புறம் ஏனுங்ண்ணா எங்க புக்குல எங்கியும் அவரு இல்லை?"

நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில் தேடப்போகிறோம்.

1892ல் கோவையில் பிறந்தவர் சண்முகம் செட்டியார். வசதியான வியாபாரக் குடும்பம். சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் படிப்பு, அப்புறம் சட்டம். இருபத்தைந்து வயதில் கோவை நகராட்சி உறுப்பினர். அங்கிருந்து 1920ல் சென்னை மாகாண சட்டசபை, 1924ல் டெல்லி மத்திய சட்டசபை. படிப்படியாக ஏறவில்லை மனிதர், லிஃப்டில் போனார்.

கட்சி? அங்கேதான் சிக்கல். ஜஸ்டிஸ் கட்சியில் ஆரம்பித்தார். டெல்லியில் சுயராஜ்யக் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்தார். பெரியாருக்கு நண்பர், வைஸ்ராய்க்கும் வேண்டியவர். எல்லா வீட்டுத் திண்ணையிலும் அவருக்கு இடம் இருந்தது. எந்த வீட்டு ரேஷன் கார்டிலும் அவர் பெயர் நிலையாக இல்லை.

1932ல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளின் பொருளாதார மாநாடு. இந்தியக் குழுவில் இவரும் போனார். பிரிட்டிஷ் சரக்குக்கு இங்கே வரிச்சலுகை, நம் சரக்குக்கு அங்கே சலுகை என்று ஒப்பந்தம் ஆனது. நல்ல பேரம்தான் என்று வாதாடினார் செட்டியார். வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறார் என்றார்கள் தேசியவாதிகள். 1933ல் அவர் மத்திய சட்டசபையின் தலைவரானார். இன்றைய கணக்கில் சொன்னால், லோக்சபா சபாநாயகர். சர் பட்டமும் வந்து சேர்ந்தது.

1934ல் தேர்தல் வந்தது. சபாநாயகரே தோற்றார். தோற்கடித்தவர் காங்கிரஸ் வேட்பாளர்.

வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பிக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவரை 1935ல் கொச்சி மகாராஜா திவானாகக் கூப்பிட்டுக்கொண்டார். ஆறு வருடம் இருந்தார். கொச்சி பெரிய துறைமுகமாக வளர்ந்ததும், 1938ல் மக்கள் பிரதிநிதி ஒருவருக்கு மந்திரிப் பொறுப்பில் ஒரு பங்கு கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். கோவை மில்களின் மூட்டைகள் கப்பல் ஏறியது எந்தத் துறைமுகத்தில் என்று யோசித்தால், திவான் வேலையிலும் ஊர் ஞாபகம் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

இப்போது 1944 ஜூலை. அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸ். 44 நாடுகள் மூன்று வாரம் ஒரு மலை ஹோட்டலில் உட்கார்ந்து, போருக்குப் பிந்தைய உலகத்தின் பணத்துக்கு விதி எழுதின. ஐ.எம்.எஃப்., உலக வங்கி இரண்டும் பிறந்தது அங்கேதான். நம் ஊர் இன்னும் அடிமை நாடு. ஆனாலும் இந்தியாவின் பெயரில் ஒரு குழு போனது. அதில் செட்டியார் இருந்தார், பின்னாளில் நிதியமைச்சரான சி.டி. தேஷ்முக்கும் இருந்தார்.

இந்தியக் குழுவுக்கு ஒரு பெரிய கவலை. போர்க் காலம் முழுக்க பிரிட்டன் இந்தியாவிலிருந்து சரக்கு எடுத்தது, சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க வைத்தது. பணம்? "கணக்குல எழுதிக்க" என்றது. மளிகைக் கடை அக்கவுண்ட் நோட்டு மாதிரி அது வளர்ந்து 1947 ஆகஸ்டில் சுமார் 1,160 மில்லியன் பவுண்டாக நின்றது. ஸ்டெர்லிங் பாக்கி என்று அதற்குப் பெயர். வேடிக்கையைப் பாருங்கள். கடன் வாங்கியவன் எஜமான், கொடுத்தவன் அடிமை. இந்தப் பாக்கிக்கு சர்வதேச நிதியம் ஒரு வழி செய்ய வேண்டும் என்று இந்தியக் குழு மன்றாடியது. அது சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று பிரிட்டன் தரப்பில் கீன்ஸ் கதவைச் சாத்திவிட்டார்.

1947 ஆகஸ்ட் 15. நேருவின் முதல் மந்திரிசபை. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் காங்கிரஸ்காரர்கள் இல்லை. அம்பேத்கர் சட்டத்துக்கு, சியாமா பிரசாத் முகர்ஜி தொழிலுக்கு. கஜானாவுக்கு? காங்கிரஸிடம் தேர்தலில் தோற்ற, ஒட்டாவா ஒப்பந்தத்தை ஆதரித்த சர் சண்முகம் செட்டியார்!

பிரிட்டனிடம் பாக்கி வசூல் செய்ய வேண்டும். பாகிஸ்தானோடு சொத்துப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் கணக்குத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். அவ்வளவுதான்.

1947 நவம்பர் 26. முதல் பட்ஜெட். முழு வருடத்துக்குக்கூட இல்லை, சுதந்திர நாளிலிருந்து 1948 மார்ச் 31 வரை ஏழரை மாதத்துக்கு. வரவு 171.15 கோடி. செலவு 197.39 கோடி. 2025-26 பட்ஜெட்டின் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அந்த 197 கோடியில் ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடி, கிட்டத்தட்ட பாதி. அகதிகளுக்கு 22 கோடி. வெளியிலிருந்து வாங்கும் தானியத்துக்கு மானியமாக அதே அளவு. துண்டு விழுந்தது 26.24 கோடி.

அந்தத் துண்டைக் கொஞ்சமாவது சுருக்க வேண்டும். எதன் மேல் வரி போட்டார் தெரியுமா? ஏற்றுமதியாகும் பருத்தித் துணி, நூல் மேல். மில் நகரத்திலிருந்து போன மந்திரி, சுதந்திர இந்தியாவின் முதல் புதுவரியைத் தன் ஊர்க்காரர்கள் வயிற்றுப் பிழைப்பான பஞ்சாலைச் சரக்கின் மேல் வைத்தார். அதன் பிறகும் பற்றாக்குறை 24.59 கோடி. கோவையில் அன்றைக்கு எத்தனை பேர் பல்லைக் கடித்திருப்பார்களோ!

பாகிஸ்தான் பங்கீடு இன்னொரு தலைவலி. ரொக்கப் பங்கு 75 கோடி. 20 கோடி கொடுத்தாகிவிட்டது. மீதி 55 கோடியை, காஷ்மீரில் சண்டை நடப்பதால் நிறுத்தி வைத்தது இந்தியா. நிறுத்தியது சரிதான் என்று நிதியமைச்சர் பகிரங்கமாக வாதாடினார். 1948 ஜனவரி 13ம் தேதி காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டே நாளில் பணத்தைக் கொடுப்பது என்று மந்திரிசபை முடிவெடுத்தது. கணக்கு ஒரு பக்கம், மனசாட்சி ஒரு பக்கம். நடுவில் கையெழுத்துப் போடும் மனிதர் செட்டியார்.

1948 ஜூலையில் லண்டனில் ஸ்டெர்லிங் பாக்கி பற்றி ஒப்பந்தம் முடிந்தது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே விட்டுப்போன தளவாடங்களுக்கு 100 மில்லியன் பவுண்டு கழித்துக்கொண்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷனுக்கும் ஒரு தொகை. மீதியைத் தவணையில் எடுத்துக்கொள்ளலாம். பாக்கி மொத்தமும் கைக்கு வரவில்லை, ஆனால் வாராக் கடனாகவும் போகவில்லை.

அடுத்த மாதமே மனிதர் பதவியில் இல்லை!

என்ன நடந்தது? போர்க் காலத்தில் கொள்ளை லாபம் அடித்து வரி கட்டாமல் ஏய்த்தவர்களைப் பிடிக்க, வருமான வரி விசாரணைக் கமிஷன் ஒன்றுக்கு 1947ல் சட்டம் வந்திருந்தது. கொண்டுவந்தவர், பிரிவினைக்கு முன் இடைக்கால அரசில் நிதி பார்த்த லியாகத் அலிகான். அவர் பாகிஸ்தானின் பிரதமராகப் போய்விட்டார். சட்டம் இங்கேயே தங்கிவிட்டது. யார் யாரை விசாரிக்க வேண்டும் என்ற பட்டியலை அரசுதான் கமிஷனுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டன. சரியாக விசாரிக்காமல் எப்படி நீக்கலாம் என்று கேள்வி எழுந்தது. சபையில் கொந்தளிப்பு. துறையின் முடிவுக்கு மந்திரிதானே பொறுப்பு? 1948 ஆகஸ்டில் ராஜினாமா. மொத்தம் ஒரே வருடம்.

இங்கே ஒரு ஒப்பீடு சொல்லட்டுமா? 1991ல் இதே நாற்காலிக்கு இன்னொரு கணக்கு வாத்தியார் வந்தார், மன்மோகன் சிங். அவர் காலத்தில் பங்குச்சந்தை ஊழல் வெடித்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அறிக்கை வந்ததும், 1993ல், அவரும் ராஜினாமா கொடுக்க முன்வந்தார். பிரதமர் நரசிம்மராவ் ஏற்கவில்லை. மன்மோகன் தங்கினார், பின்னால் பிரதமரும் ஆனார். கிரேக்க நாட்டில் செனோபோன் சோலோடாஸ் என்று ஒருவர். மத்திய வங்கியின் கவர்னராக இருந்த பொருளாதார நிபுணர். 1989ல் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாமல் போக, 85 வயதில் அவரைக் கூப்பிட்டுப் பிரதமராக்கினார்கள். சில மாதத்தில் தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர்கள் திரும்பினார்கள், அவர் வீட்டுக்குப் போனார்.

நெருப்புப் பிடித்தால் நிபுணரைத் தேடுவார்கள். நெருப்பு நிபுணர் மேலேயே பிடித்தால்? பக்கெட் தண்ணீரோடு ஓடிவர ஒரு கட்சி வேண்டும். செட்டியாருக்கு அது இல்லை.

ஆனால் ஒன்று. நீக்கப்பட்ட பெயர்களைப் பற்றிய கேள்வி நியாயமானது. கட்சி காப்பாற்றியிருந்தால் அந்தக் கேள்வி அமுங்கியிருக்கும். அவர் விலகியதால், 'கோப்பில் போட்ட கையெழுத்துக்கு மந்திரி பதில் சொல்ல வேண்டும்' என்பது சுதந்திர நாட்டின் முதல் வருடத்திலேயே நடந்துகாட்டப்பட்டது. பத்து வருடம் கழித்து, முந்த்ரா விவகாரத்தில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகியதும் இதே வழியில்தான்.

அப்புறம் செட்டியார் தமிழுக்குத் திரும்பினார் என்று சொல்வதற்கில்லை. அவர் தமிழை விட்டுப் போனதே இல்லை. தமிழிசை இயக்கத்தில் முன்வரிசையில் நின்றவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர். ஆராயாமல் கொடுத்த ஒரே உத்தரவால் அரசன் வீழும் கதை அடுத்த காண்டத்தில், மதுரையில் வருகிறது. அதை அவருக்கு யாரும் உரை எழுதிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

1952 தேர்தலில் சென்னை சட்டசபைக்கு ஜெயித்தார். எந்தக் கட்சியில் என்று கேட்காதீர்கள். சுயேச்சை! 1953 மே 5ம் தேதி காலமானார். வயது அறுபது.

சரி, பேக்கரிப் பையனுக்குப் பதில்? காங்கிரஸ்காரர்களுக்கு அவர் பிரிட்டிஷ் சர்க்காரின் 'சர்'. திராவிட இயக்கத்துக்கு அவர் நேருவின் மந்திரி. சிலை வைக்க, பிறந்தநாளுக்கு மாலை போட, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் கேட்டு வாங்க ஒரு கூட்டம் வேண்டும் தம்பி. திறமை மட்டும் போதாது.

அடுத்த தடவை எர்ணாகுளம் போனால் மரைன் டிரைவ் ஓரமாக நடந்து பாருங்கள். கடைகளும் கூட்டமுமாக ஒரு பெரிய சாலை. பெயர், சண்முகம் ரோடு. யார் அந்த சண்முகம் என்று அங்கே யாராவது கேட்டால், கொஞ்சம் நிமிர்ந்து நின்றே சொல்லலாம். எங்க ஊர்க்காரருங்க.