ஒற்றைக் கருமுட்டையும் ஓர் எச்சரிக்கையும்

1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவ ஆய்வுக் கழகம், ராபர்ட் எட்வர்ட்ஸும் பேட்ரிக் ஸ்டெப்டோவும் கேட்ட நிதியை மறுத்தது. உடலுக்கு வெளியே கருவுற்றுப் பிறக்கும் குழந்தை நலமாயிருக்குமா என்பது அதன் ஐயங்களுள் ஒன்று. 1978 ஜூலை 25 அன்று ஓல்டாமில் லூயிஸ் பிரவுன் நலமாகப் பிறந்ததும், அந்த ஐயத்தை உலகம் பெரிதும் மறந்துவிட்டது.

அக்குழந்தை உருவான விதம் நினைவில் கொள்ளத்தக்கது. தொடக்கத்தில் ஹார்மோன் மருந்துகளால் பல முட்டைகளை முதிரச்செய்து பார்த்த அவ்விருவரும், அது கைகூடாமற்போகவே, தாயின் இயல்பான மாதச் சுழற்சியில் முதிரும் ஒற்றை முட்டைக்காகக் காத்திருந்தனர். பின்வந்தோர் அவ்வாறு காத்திருக்கவில்லை. 1980களில் ஊசிகள் பரவின, முட்டைகள் பெருகின, ஒன்றேனும் தங்கட்டும் என்று இரண்டு, மூன்று, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட கருக்களைக் கருப்பையில் வைத்தனர்.

அதன் சுமை தாய்மீதும் சேய்மீதும் விழுந்தது. அளவு மீறித் தூண்டப்பட்ட சினைப்பை வீங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்குகிறது. கடுமையானால் இரத்தம் உறைந்து, அரிதாக உயிரையும் பறிக்கிறது. இரட்டையர், மூவரைச் சுமந்த தாய்மாருக்கு இரத்த அழுத்தமும், பிள்ளைகளுக்குக் குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் மிகுந்தன. செலவை எண்ணி, "இரண்டாகவே கிடைத்துவிட்டால் நல்லது" என்று விரும்பும் தம்பதியரை நம் சமுதாயத்திலும் காண்கிறோம். அவ்விருப்பம் நமக்குப் புரிகிறது. அதிலுள்ள ஆபத்தை அவர்களுக்கு எவரேனும் எடுத்துரைத்தார்களா என்பதே நம் கவலை.

மார்க்க அறிஞர்கள் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 1980இல் எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு ஜாதுல் ஹக், கணவன் மனைவிக்குள் மட்டும் நடைபெறும் சிகிச்சைக்கு அனுமதியளித்து, மூன்றாமவரின் விந்தும் முட்டையும் கலப்பதைத் தடுத்தார். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி ஏழு முறைகளை ஆராய்ந்து, ஐந்தை விலக்கியது. எஞ்சிய இரண்டையும், தேவையான எல்லா முன்னெச்சரிக்கைகளையும் வலியுறுத்தியே அனுமதித்தது. அந்த முன்னெச்சரிக்கையை நஸபு, அதாவது வமிசம், கலவாமை என்ற அளவிலேயே நாம் பேசிவருகிறோம். தாயின் உடல்நலமும் அதில் அடங்கும் என்றே கருதுகிறோம். 1990இல் ஜித்தாவில் அதே அகாடமி, உபரிக் கருக்கள் எஞ்சாதிருக்க, ஒவ்வொரு முறையும் தேவையான எண்ணிக்கையில் மட்டுமே முட்டைகளைக் கருவுறச்செய்ய வேண்டும் என்றது.

மருத்துவ உலகம் மெல்லவே திரும்பியது. 2003இல் ஸ்வீடன், பெரும்பாலான பெண்களுக்கு ஒரே கருவை வைப்பதை விதியாக்கியது. இரட்டைப் பிறப்புகள் அங்கு வெகுவாகக் குறைந்தன. குழந்தைப்பேறு பெற்றோரின் விகிதமோ பெரிதாகக் குறையவில்லை.