ஆயிரம் குரல் மனிதர்

நம் ஊர்களில் நடைபெறும் பாஸ்கா நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று சம்மனசின் குரல் கொடுப்பவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. மேடையில் தோன்றியவருக்கே கைத்தட்டல். அமெரிக்காவில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் குரலாலேயே பிழைத்த மெல் பிளாங்க் என்பவரைப் பற்றிப் பங்கு மக்களுக்குச் சில செய்திகள் கூற விரும்புகிறேன். பிள்ளைகள் தொலைக்காட்சியில் கண்டு சிரிக்கும் பக்ஸ் பன்னி என்னும் முயலுக்கும், டாஃபி என்னும் வாத்துக்கும், திக்கித் திக்கிப் பேசும் போர்க்கி என்னும் பன்றிக்கும் குரல் தந்து புகழ்பெற்றவர் இவரே.

1908 மே 30 இல் சான்பிரான்சிஸ்கோவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். வளர்ந்தது போர்ட்லண்டு நகரில். அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் 'வெற்றிடம்' என்று பொருள். வகுப்பில் குரல் மாற்றிப் பேசிச் சிரிக்க வைத்த சிறுவனை, பெயரைப் போலவே நீயும் ஒன்றுமில்லாமல் போவாய் என்று ஆசிரியை ஒருவர் ஏசினாராம். பதினாறாம் வயதில் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டார். கோபத்தில் நாம் சொல்லும் ஒரு சொல் பிள்ளை மனத்தில் எத்தனை ஆண்டு தங்குகிறது பாருங்கள்!

1933 இல் எஸ்டெல் என்பவரை மணந்தார். அவ்வாண்டே போர்ட்லண்டு வானொலியில் கணவனும் மனைவியுமாக ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கினர். வேறு நடிகர்களுக்குக் கூலி கொடுக்க நிலையத்தார் முன்வரவில்லை. ஆகவே கிழவன், குடிகாரன், பூனை, நாய் என எல்லாக் குரலையும் தாமே பேச வேண்டியதாயிற்று. கஞ்சத்தனமும் சில வேளை நல்ல பள்ளிக்கூடம்தான்! பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று கார்ட்டூன் படங்களில் சேர்ந்தார். அந்நாளில் குரல் கொடுத்தவர் பெயரைத் திரையில் காட்டும் வழக்கமில்லை. சம்பள உயர்வு மறுக்கப்பட்டபோது, பெயரையாவது போடுங்கள் என்று கேட்டுப் பெற்றார். 1944 முதல் அவர் பெயர் திரையில் வந்தது.

1961 ஜனவரி 24 அன்று அவருடைய கார் எதிரே வந்த காருடன் நேருக்கு நேர் மோதியது. மண்டையிலும் இடுப்பிலும் கால்களிலும் எலும்பு முறிவு. ஏறத்தாழ இரண்டு வாரம் நினைவில்லை. பெயர் சொல்லி எத்தனை அழைத்தும் பதிலில்லை. ஒரு நாள் மருத்துவர், "பக்ஸ் பன்னி, இன்று எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். படுக்கையிலிருந்து முயலின் குரல் பதில் சொல்லிற்று! ஒரே மகன் நோயலுக்கு அப்போது வயது 22. உடல் முழுதும் மாவுக்கட்டுடன் தந்தை வீட்டில் கிடக்க, ஒலிவாங்கிகளைக் கட்டிலருகே கொண்டுவந்து 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடருக்குப் பதிவு செய்தார்கள். ஞாயிறு மூன்று பூசை முடிந்தாலே தொண்டை கட்டிக்கொள்ளும் எனக்கு இது பெரும் வியப்பு.

நோயலுக்கும் தந்தை தம் குரல்களைக் கற்றுக் கொடுத்திருந்தார். 1989 ஜூலை 10 இல் மெல் பிளாங்க் காலமானார். ஹாலிவுட்டில் உள்ள அவர் கல்லறையில், போர்க்கி படத்தை முடித்து வைக்கும் "அவ்வளவுதான், மக்களே" என்னும் சொற்களை அவர் விருப்பப்படியே பொறித்துள்ளனர். கீழே, மாற்றி எழுதிய அந்தப் பெயர். ஆயிரம் குரல் மனிதர் என்ற பட்டம். அதன்கீழ், அன்புக் கணவர், தந்தை என்று ஒரு வரி.