அப்துல் ரஹ்மான் அண்டாக்

அப்துல் ரஹ்மான் பின் அண்டாக் (ஏறத்தாழ 1859 – 1930) ஜொகூரின் மாநிலச் செயலாளராக இருந்த மலாய் அரசியல்வாதி. சுல்தான் அபூபக்கர், அவர் மகன் சுல்தான் இப்ராகிம் ஆகிய இருவருக்கும் ஆலோசகர். டத்தோ ஸ்ரீ அமார் டிராஜா என்ற பட்டம் பெற்றவர். பேராக், சிலாங்கூர் போன்ற மாநிலங்கள் 1874 முதல் ரெசிடெண்ட் எனும் பிரிட்டிஷ் ஆலோசனை அதிகாரிகளின் கட்டுப்பாட்டுக்குள் சென்றன. ஜொகூருக்கு அந்த நிலை வராமல் நெடுங்காலம் தடுத்தவர்களில் இவர் முதன்மையானவர்.

1885 உடன்படிக்கை

இங்கிலாந்தில் கல்வி கற்றுத் திரும்பிய அப்துல் ரஹ்மான், அபூபக்கரின் செயலாளரானார். லண்டனில் பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அலுவலகத்துடன் நடந்த பேச்சில் ஆட்சியாளருக்குத் துணைநின்றார். 1885 டிசம்பர் 11-இல் கையொப்பமான உடன்படிக்கை, மகாராஜாவாக இருந்த அபூபக்கரை ஜொகூரின் சுல்தானாக ஏற்றது. வெளியுறவு பிரிட்டன் வசமானாலும் உள்நாட்டு நிர்வாகம் சுல்தானிடமே இருந்தது. உடன்படிக்கை அனுமதித்த பிரிட்டிஷ் முகவர் பதவி பல ஆண்டுகள் நிரப்பப்படவில்லை.

மறு ஆண்டு, லண்டனில் ஜொகூர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆளுநரைக் கடந்து, லண்டன் அதிகாரிகளிடம் நேரடியாகப் பேச ஜொகூருக்கு அது வழியமைத்தது. 1907-இல் அது கலைக்கப்பட்டது.

சட்டத்தில் ஜொகூரின் நிலை

1893-இல் ஜொகூரின் இறையாண்மை ஆங்கிலேய நீதிமன்றத்திலேயே சோதனைக்கு வந்தது. ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் பழகிய சுல்தான் திருமண வாக்கை மீறினார் என்று மிகெல் என்ற பெண் வழக்குத் தொடுத்திருந்தார். அபூபக்கர் சுதந்திர ஆட்சியாளர் என்று குடியேற்ற நாட்டு அலுவலகமே எழுதிக் கொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்று வழக்கைத் தள்ளியது.

1895 ஏப்ரல் 14-இல் ஜொகூர் தனக்கென எழுதப்பட்ட அரசமைப்பை அறிவித்தது. மலாய் மாநிலங்களில் அதுவே முதலாவது. மாநிலத்தின் நிலப்பகுதியை அந்நிய நாட்டுக்கு ஒப்படைக்க அது தடை விதித்தது. அவ்வாண்டு ஜூன் 4-இல் அபூபக்கர் லண்டனில் காலமானார்.

ரயில்பாதைப் பூசல்

ஜொகூரின் ரயில்பாதை மாநிலத்தின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அப்துல் ரஹ்மானின் நிலைப்பாடு. பேராக், சிலாங்கூர் உள்ளிட்ட ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வேயுடன் அது இணைய வேண்டும் என்றது பிரிட்டன். 1904-இல் உடன்பாடு எட்டப்பட்டது: பாதை ஜொகூருக்குச் சொந்தம், கட்டி இயக்கும் பொறுப்பு ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை சுமார் 120 மைல் நீளும் பாதை 1909-இல் நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வழியாகச் செல்லும் அப்பாதையை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் பலர் அவற்றில் குடியேறினர்.

பதவி விலகல்

இப்ராகிமின் ஆட்சியில் அப்துல் ரஹ்மானின் செல்வாக்கைச் சிங்கப்பூர் ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சன் தடையாகக் கருதினார். அழுத்தம் முற்றவே, 1909-இல் அப்துல் ரஹ்மான் ஓய்வில் அனுப்பப்பட்டார். மறு ஆண்டே டக்ளஸ் கேம்பல் பிரிட்டிஷ் அதிகாரியாக ஜொகூரில் பொறுப்பேற்றார். 1914-இல் பொது ஆலோசகர் எனப்பட்ட அந்தப் பிரிட்டிஷ் அதிகாரியின் அதிகாரம் உடன்படிக்கையிலேயே இடம்பெற்றது.

1888-இல் தோன்றிய மலாய் மொழிக் கழகத்திலும் அப்துல் ரஹ்மான் முன்னின்று உழைத்தார். இறுதிக் காலத்தை இங்கிலாந்தில் கழித்து, அங்கேயே மறைந்தார். ஜொகூர் பாருவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. 1895-இன் அரசமைப்பு, திருத்தங்களுடன், ஜொகூர் மாநிலச் சட்டத்தின் முதற்பகுதியாக இன்றும் நடைமுறையில் உள்ளது.