கண்டி மலையில் மூன்று காடுகள்

மரங்களைப் பார்த்துப் பருவங்களை அறிவது பழந்தமிழர் வழக்கு. கண்டி மலைநாட்டிலோ, மரங்கள் பருவத்தை மட்டும் அறிவித்து நின்றுவிடுவதில்லை. எந்தக் காலத்தில் எவர் ஆண்டார், எதனை விரும்பினார், எதனை இழந்தார் என்பதையும் அவை அறிவிக்கின்றன. மாநகரைச் சூழ்ந்து இன்று மூன்று வகைக் காடுகளைக் காணலாம். ஒன்று மன்னர் காத்த காடு. மற்றொன்று அறிஞர் வளர்த்த சோலை. மூன்றாவது, ஹந்தானை மலைச் சரிவில் வரிசை வரிசையாக நிற்கும் பைன் மரக்காடு. இம்மூன்றின் வரலாறும் சேர்ந்ததே கண்டியின் வரலாறு எனலாம்.

கண்டி இராச்சியத்துக்குக் காடு அழகுப் பொருளாக இருந்ததில்லை. அதுவே அதன் கோட்டை மதிலாக விளங்கியது. கரையோரங்களைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் படை 1638இல் பேராதனைக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையில் அழிந்தது. 1803இல் கண்டிக்குள் புகுந்த ஆங்கிலப் படையும் அதே கதியை அடைந்தது. இவ்வெற்றிகளில் வீரர்க்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு அடர்ந்த வனத்துக்கும் ஒடுங்கிய மலைப்பாதைக்கும் உண்டு. 1660இல் சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து தப்பிச் சென்ற றொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தம் நூலில், மலையும் காடும் இந்நாட்டுக்கு இயற்கை அரணாக அமைந்ததையும், வழிகளில் முள்வாயில்கள் காவலோடு நின்றதையும் விரிவாகக் கூறியுள்ளார்.

அந்தப் பழங்காட்டின் எச்சமே தலதா மாளிகைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தக்கலே. அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம் என்பது அதன் பெயரின் பொருள். அரச குடும்பத்தினரன்றிப் பிறர் நுழையலாகாத தடைவனமாக அது இருந்தது. 1815இல் கண்டி வீழ்ந்து, நாயக்கர் மரபின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டபின், தடையை விதிக்க மன்னன் இல்லை. ஆயினும் காடு முற்றிலும் அழியவில்லை. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் மனைவியார் பெயரால் அங்கே ஒரு நடைபாதை அமைந்தது. 1856இல் அது ஒதுக்கப்பட்ட வனமாயிற்று, 1938இல் சரணாலயமாயிற்று. ஏறக்குறைய 257 ஏக்கர் பரப்புள்ள இவ்வனத்தில் மரங்களைப் பின்னி ஏறும் பெருங்கொடிகளும், குரங்குகளும், பலவகைப் பறவைகளும் நகரின் இரைச்சலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வாழ்கின்றன.

உடவத்தக்கலே தப்பியது, சுற்றியிருந்த மலைகள் தப்பவில்லை. காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கிய 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தேசாதிபதி பார்ன்ஸ், அதற்கு முன்னரே கன்னொறுவையில் தாமே கோப்பி பயிரிட்டு வழிகாட்டியிருந்தார். ஒரு காலத்தில் படையை விழுங்கிய காடு இருந்த இடத்திலே கோப்பிச் செடி தளிர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோரின் உழைப்பால், 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைநிலம் கோப்பித் தோட்டமாயிற்று. ஆனால் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அச்செல்வத்தைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலையே பின்னர் மலைகளைப் போர்த்தது.

இம்மாறுதல்களுக்கெல்லாம் மூளையாக விளங்கியது இரண்டாவது சோலையாகிய பேராதனைப் பூங்கா. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோடும் அந்நிலம், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் அரசத் தோட்டமாயிருந்தது. 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பவர் அதனைத் தாவரவியற் பூங்காவாக ஒழுங்குபடுத்தினார். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் நாற்றுகளும் இந்நிறுவனத்தின் பொறுப்பிலேயே இலங்கை மண்ணில் வேரூன்றின. அங்கே வானளாவ நிற்கும் குக் பைன் மரங்கள் பெயரளவில் பைனே தவிர, இனத்தால் பைன் அல்ல. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த அரோக்கேரியா இனத்தன. மெய்யான பைன் இலங்கைக்கு இயற்கையாய் உரியதன்று, தென்னிந்தியாவுக்கும் உரியதன்று. கொடைக்கானலில் பயணிகள் வியந்து நோக்கும் பைன் காடும் மனிதர் நட்டதே.

அவ்வாறாயின் ஹந்தானைக்குப் பைன் வந்தது எவ்வாறு? தேயிலையாலும் மண்ணரிப்பாலும் பல சரிவுகள் வளமிழந்தன. சில தோட்டங்கள் கைவிடப்பட்டுப் புல் மண்டின. அம்மண் மகாவலியில் கரைந்தோடினால், கீழே எழுந்த நீர்த்தேக்கங்கள் தூர்ந்துவிடும் என்ற அச்சமும் பிறந்தது. எனவே 1960களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை, மத்திய அமெரிக்காவையும் கரீபியன் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட பைன் இனம் மலைநாட்டில் பெருவாரியாக நடப்பட்டது. வேரோடு ஒருவகைப் பூஞ்சணம் கூடி வாழ்வதால், பிற மரம் பிழைக்காத வறண்ட மண்ணிலும் அது பிழைக்கும், விரைந்தும் வளரும்.

அதன் அழகை மறுப்பவர் இல்லை. தை மாசி மாதங்களில் வெயில் உலர்ந்து காய்கையில் பைன் பிசினின் மணம் சரிவெங்கும் பரவும். உதிர்ந்த ஊசியிலைகள் செம்பழுப்புக் கம்பளமாய்ப் படர்ந்து காலை வழுக்கும். சித்திரையில் பிற்பகல் இடியோடு முதல் மழை இறங்கும். வைகாசி தொடங்கித் தென்மேற்குக் காற்று வீசும்போது, மரங்களின் ஓசை தொலைவில் கேட்கும் கடலலையை ஒக்கும். எசல பெரஹெராவுக்காக நகரம் விளக்கேற்றும் நாட்களிலும் மலைமேல் தூறல் ஓய்வதில்லை. ஐப்பசி கார்த்திகையில் பெருமழை, மார்கழியில் மூடுபனி. 1952இல் மலையடிவாரத்துக்கு வந்த பல்கலைக் கழகத்தின் மாணவர் தலைமுறைகளுக்கு ஹந்தானை மலையேற்றம் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடமாகும்.

ஆனால் அதே மாசி வெயிலில் அக்கம்பளம் தீப்பற்றினால் மலையே எரியும். ஊசியிலை எளிதில் மக்குவதில்லை. அதன் அடியில் செடிகள் தழைப்பது அரிது. பழந்தேடும் பறவைக்கு அங்கே இரையில்லை. பைன் வந்தபின் ஊற்றுகள் வற்றின என்பது அடிவாரக் கிராமத்தாரின் நெடுநாளைய முறையீடு. மழையும் மண்ணும் இடத்துக்கிடம் வேறுபடுவதால் எல்லாச் சரிவுக்கும் ஒரே தீர்ப்பு வழங்க இயலாது. எனினும், குடிநீர்க்குடத்தோடு நடப்பவரின் சொல்லை, காட்சி இன்பத்துக்கு வருபவர் தள்ளிவிடுதல் முறையன்று. அயல்மரம் வேலியைத் தாண்டும் என்பதற்கு உடவத்தக்கலேயே சான்று. தென் அமெரிக்கப் பால்சம் மரம் அங்கே பரவி நாட்டு மரங்களை நெருக்கி வருகின்றது.

அப்படியெனில் பைன் மரங்களை வெட்டி வீழ்த்திவிடலாமா? திடீரென வெட்டினால் சரிவின் மண் மீண்டும் மழைக்கு இரையாகும். இதற்கு ஒரு விடை சிங்கராஜ வனத்தின் எல்லையில் கிடைத்தது. 1990களில் பேராதனைப் பல்கலைக் கழக அறிஞரும் அவருடன் கூடிய ஆய்வாளரும் பைன் வரிசைகளுக்கிடையே சில வரிசைகளை அகற்றி, அவ்விடைவெளியில் நாட்டு மரக் கன்றுகளை நட்டனர். பைன் நிழல் கடும் வெயிலைத் தணித்தது. போதிய வெளிச்சம் கிடைத்த இடத்தில் கன்றுகள் செழித்தன. அந்நியமென்று கருதப்பட்ட மரமே, சொந்த வனத்தின் கன்றுகளைக் காக்கும் நிழலாயிற்று.

பழந்தமிழ் அகத்திணை மரபில் நற்றாய் என்றும் செவிலித்தாய் என்றும் இருவர் உண்டு. ஈன்றவள் நற்றாய், எடுத்து வளர்ப்பவள் செவிலி. கண்டியின் மலைகள் தம் நற்றாயை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இழந்தன. இன்று அங்கே நிற்கும் பைன் மரம் செவிலியே. செவிலியைப் பழித்தலும் வேண்டா. அவளையே நற்றாய் என்று மயங்குதலும் வேண்டா. அவள் மடியில் பழைய வனம் மீண்டும் வளர இடம் கொடுத்தால், மாசி வெயிலில் ஊற்று வற்றாத ஹந்தானையை இனிவரும் தலைமுறை காணக்கூடும்.